ஓட்டுமேட்டுக் கன்னிமார்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் எப்படியும் ஒரு கட்டத்தில் முதன்முதலில் பார்த்த சினிமாவுக்குப் பேச்சு வந்துவிடுகிறது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தது, இடைவேளையில் முறுக்கு தின்றது, யாரோ பீடி நெருப்பைப் பாவாடையில் போட்டது. சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ள ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்கு வரவிருந்த சினிமாக் கொட்டகை வராமல் போனதே எங்கள் வீட்டால்தான். சிரிக்காதீர்கள். அந்த ஊரில் இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இப்போது இதை எடுக்கக் காரணம் இருக்கிறது. போன வாரம் ஊரிலிருந்து சில பிள்ளைகள் போன் செய்தார்கள். யாருடைய பேரன், யாருடைய மகள் என்று சொன்னார்கள்; முகம் தெரியவில்லை. ஓட்டுமேட்டுக்குத் தெற்கே மிச்சமிருக்கும் நிலத்தை ஒரு ரிசார்ட்டுக்காரர் வாங்கிவிட்டாராம். அடியில் ரோமாபுரி வியாபாரிகளின் சரக்கு கிடக்கிறது, முறையாகத் தோண்டிப் பார்க்காமல் ஒரு செங்கல் வைக்க விடமாட்டோம் என்று இவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். “உங்கப்பாதானுங்க இதை மொதல்ல சொன்னவரு. அப்ப ஊர்ல ஒருத்தரும் நம்பலையாமா?” என்றது ஒரு பெண் குரல். ஆமாம் கண்ணு என்றேன். போனை வைத்துவிட்டு, அடுப்பில் குக்கர் கத்துவதுகூடக் காதில் விழாமல் அழுதேன். பருப்பு தீய்ந்துபோனது.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி. ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீஸிலும் மலையாளம். வீட்டிலும் வீதியிலும் கோயமுத்தூர்த் தமிழ். மழைக்கு எங்கள்மேல் என்ன கோபமோ, மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு எங்களிடம் வெறுங்கையோடு வரும். பனைமரமும் கடலைக்காடும்தான். ஊருக்குத் தெற்கே, ரோட்டோரமாக ஒரு மேடு. ஏர் வைத்தால் கொழு முனை உடையும் அளவுக்கு உள்ளே ஓட்டாஞ்சல்லி. அதனால் யாரும் அதில் வெள்ளாமை வைப்பதில்லை, ஆடு மேய்ப்பதோடு சரி. பெயரே ஓட்டுமேடு.

எங்களுக்கு அது சில்லுக்கடை. நொண்டி ஆடச் சில்லு வேண்டுமானால் அங்கேதான் போவோம். கறுப்பு ஓடு, சிவப்பு ஓடு எல்லாம் கிடைக்கும். ஆனால் வெளிறிய நிறத்தில், தொட்டால் நறநறவென்று, விரல் தடிமனுக்கு ஒரு ஓடு அபூர்வமாகக் கிடைக்கும். அது உடையவே உடையாது. கல்லில் உரசி வட்டமாக்கிவிட்டால் எறிந்த கட்டத்தில் அப்படியே உட்காரும். என் கூட்டுக்காரியிடம் அப்படி ஒன்று இருந்தது. கூட்டுக்காரி என்றால் தோழிதான், எங்கள் பக்கம் மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சொல். பக்கத்து வீடு. எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். கோடு மிதித்தால் மிதிக்கவில்லை என்று சாதிப்பாள், நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் கையைக் கிள்ளுவாள். என் முழங்கைக்குக் கீழே எப்போதும் அவள் நகக்குறி இருக்கும்.

அவளுக்கு ஒரு தம்பி, தவழ்கிற வயது. அவன் அரைஞாணில் ஒரு வெள்ளிக்காசு கோத்திருந்தார்கள். அவள் அப்பா மேட்டோரத்தில் உழும்போது கிடைத்ததாம். ஆசாரியிடம் ஓட்டை போட்டு, குழந்தைக்குக் காத்துக் கருப்பு அண்டாமலிருக்கக் கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். என் அப்பா ஒருநாள் அந்தக் குழந்தையைத் தூக்கியபோது காசைப் பார்த்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். காசில் கழுத்தோடு வெட்டிய மாதிரி ஒரு ஆண் தலை, மூக்கு தேய்ந்து. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் வீதி முழுக்க நடந்தார்.

பிறகு பாலக்காட்டிலிருந்து ஒரு காலேஜ் சாரைக் கூட்டிவந்தார். அவர் மலையாளி. மேட்டில் குந்தி உட்கார்ந்து, எங்கள் சில்லு ஓட்டை எடுத்து நாக்கால் நக்கிப் பார்த்தார். நானும் கூட்டுக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் வேலிக்குப் பின்னால் உருண்டு சிரித்தோம். “மாஷே, இது நம்மட மண்ணல்ல. கப்பல்ல வந்நதா” என்று, அதாவது இது கப்பலில் வந்த மண் என்று, அவர் அப்பாவிடம் சொன்னது அங்கேயும் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு படம் போட்டார். இது கடல், இது ஆறு, இது மலை, நடுவிலே இது கணவாய். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ரெண்டு காது வைத்த ஜாடியில் சாராயம் வரும், இங்கிருந்து மிளகும் பச்சைக்கல்லும் போகும், பொதிமாடுகள் நம்ம மேட்டில்தான் தங்கி இளைப்பாறியிருக்கும் என்றார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்பா என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. அம்மா வீட்டைத் துடைக்கவந்தபோது நான் படத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

அந்த மாசியில்தான் பொள்ளாச்சி முதலாளி வந்தார். ஓட்டுமேட்டை வாங்கி, தகரம் வேய்ந்த சினிமாக் கொட்டகையும் அதை ஒட்டிக் கடைகளும் கட்டப்போகிறார் என்றார்கள். ஊரே பித்துப் பிடித்தது. அதுவரை சினிமாவுக்குப் போவதென்றால் வண்டி கட்ட வேண்டும். பெண்கள் ஆண்களைக் கெஞ்ச வேண்டும். இனி கெஞ்ச வேண்டியதில்லை. கூட்டுக்காரி பாட்டெல்லாம் பாடிக்காட்டி, நாம் ரெண்டு பேரும் முதல் வரிசை என்று சொல்லிவிட்டாள்.

அப்பா பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனார், தாலூக் ஆபீஸுக்குப் போனார், மலையாளத்தில் மனு எழுதத் தெரிந்தவரைப் பிடித்து எழுதிக் கொடுத்தார். நோக்காம், நோக்காம், பார்க்கலாம் என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். பிறகு மஞ்சள் பையில் ஓடுகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். ஊர்ப் பெரியவர் ஓட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க வாத்தியாரே, ஒடஞ்ச சட்டிக்கா இத்தன பாடு? எங்கூட்டுப் பொடக்காலியில ஒரு கூடை கெடக்குது, எடுத்துட்டுப் போங்க” என்றார். சுற்றிலும் சிரிப்பு. அப்பாவும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. நான் மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவும் அவர் பக்கம் இல்லை. அம்மா பிறந்தது மறையூர். “எங்க ஊர்ல மலை பூராவும் முனியறைன்னு அந்தக் காலத்துக் கல்லு வீடு நிக்கி. அதுக்குள்ள ஆட்டக் கட்டுவோம், மழைக்கு ஒதுங்குவோம். ஒருத்தரும் அதுக்காகத் தெருத் தெருவா அலையல” என்றாள்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். “உங்கப்பனுக்குக் கண்ணெரிச்சல், அதான் கொட்டாய் வரக் கூடாதுங்குது” என்று ஒருத்தி மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள். தண்ணீர்ப் பானைக்குப் போனால் வரிசை கலைந்துவிடும். கூட்டுக்காரி மட்டும் என்னை விடவில்லை. சினிமா வேண்டும் என்ற ஆசை அந்த ஊரில் அவளைவிட யாருக்கும் இல்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் வாசலில் வந்து, “வாடி, ஆட்டத்துக்கு” என்பாள். அது போதும் எனக்கு.

பங்குனி வெயில் ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். கை நகமெல்லாம் சுண்ணாம்பு.

“நேத்து உனக்கு ஒரு கனவு வந்துச்சு.”

“வரலியேப்பா.”

“வந்துச்சுன்னு வெச்சுக்க. கணக்குல ஒரு கடைக்காரர்னு வெச்சுக்கறமில்ல, அந்த மாதிரி. ஏழு அக்காமாரு ஈரத்துணியோட வந்து, எங்க தலைமேல கட்டடம் கட்டாதீங்கன்னு சொன்னாங்க. நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசிக்கறேன். நீ நின்னாப் போதும்.”

ஓட்டுமேட்டு வேப்பமரத்தடியில் ஏழு கல், வரிசையாக, சுண்ணாம்பு பூசி மஞ்சளும் குங்குமமும் வைத்து நின்றன. எங்கள் பக்கத்தில் அப்படி ஏழு கல் நின்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள், கன்னிமார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் வருவார்கள். அப்பாவோ நல்ல நாள் பெரிய நாளில்கூடக் கோயில் வாசலை மிதிக்காதவர், திருநீறு கொடுத்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறவர். அவரே வந்து என் மகளுக்குக் கன்னிமார் கனவில் வந்தார்கள் என்று சொன்னதும் ஊர் ஆடிப்போனது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். பொள்ளாச்சி முதலாளி பக்தர். விஷயம் கேட்டதும் காரைவிட்டு இறங்கி, ரோட்டிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

அப்பா அந்த இரண்டு மூன்று வாரம் சந்தோஷமாக இருந்ததை நான் மறக்கவே மாட்டேன். சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வருவார். இனி காலேஜ் சார் மெதுவாக மேலிடத்தில் சொல்லி ஆட்களைக் கூட்டிவந்து தோண்டுவார், அவசரமில்லை, மேடு எங்கேயும் போகாது என்பார். மேடு எங்கேயும் போகவில்லை. நான்தான் போனேன்.

வெள்ளிக்கிழமைகளில் பொங்கல் வைக்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு மறையூரிலிருந்து வந்த உருண்டை வெல்லம் அத்தனையும் அந்தப் பொங்கலுக்கே போனது. என்னைக் குளிக்க வைத்து, மஞ்சள் பாவாடை கட்டி, கல்லுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைப்பார்கள். எங்கள் பக்கம் எல்லாக் குழந்தையையும் சாமி என்றுதான் கொஞ்சுவார்கள். எனக்குக் கொஞ்சல் நின்றுபோய்க் கும்பிடு வந்தது. கிழவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முன்பு பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள் இப்போது உட்காரப் பயந்தார்கள். அதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, பெஞ்சில் நான் தனியாகத்தான் இருந்தேன். அப்போதும் கூட்டுக்காரி வந்து வாடி என்றாள். ஒருமுறை எல்லோர் எதிரிலும், “சாமியாமா சாமி! இவ கோடு மிதிச்சுப்போட்டு இல்லீம்பா” என்று சொல்லி அவள் அம்மாவிடம் அடி வாங்கினாள்.

பிறகு அவள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து கண் மேலே சொருகிவிட்டது. பக்கத்து டவுன் சிற்றூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்டு, பஸ்ஸில் திரும்பிவந்த அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையை என் மடியில் போட்டாள். “சாமி, நீயே பாத்துக்க கண்ணு, எனக்கு ஒரே பையன்” என்று தரையில் உட்கார்ந்து கதறினாள். அவன் உடம்பு என் தொடையைச் சுட்டது. யாரோ என் கையைப் பிடித்துத் திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசவைத்தார்கள். அவன் அப்படியே தூங்கிப்போனான். மத்தியானத்துக்குள் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது.

ஊசி வேலை செய்திருக்கும். எனக்கே அது தெரிந்தது. கூட்டுக்காரிக்குத் தெரியவில்லை. மறுநாள் பொழுது சாய்ந்ததும் நான் வாசலில் காத்திருந்தேன். அவள் வரவில்லை. நானே போனேன். வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். ஆடலாமா என்றேன். “சாமி நொண்டி ஆடலாமுங்களா? காலு நொந்துபோகாதுங்களா?” என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சித்திரை முழுவதும் நான் தனியாக ஆடினேன். தனியாக நொண்டி ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? கோடு மிதித்தாயா இல்லையா என்று சண்டை பிடிக்க ஆள் இல்லாவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை.

குழந்தை பிழைத்த சேதி பரவியதும் ஊர் கூடி, கன்னிமாரை இப்படி வெயிலில் வைத்திருக்கக் கூடாது, கோயில் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. சிமெண்டு பொள்ளாச்சி முதலாளி உபயம். ஆள் உயரத்துக்குக் கடக்கால், அதாவது அஸ்திவாரம் பறித்து, மேடு முழுக்கக் கருங்கல் மதில் என்றார்கள். அதைக் கேட்ட அன்று அப்பா சாப்பிடவில்லை. கொட்டகைக்காரனாவது நாலு கம்பத்துக்குத்தான் குழி தோண்டியிருப்பான் என்று அம்மாவிடம் சொன்னார். நடுவீட்டில் நின்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

காலேஜ் சாருக்குத் தந்தி அடித்தார். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பூமி பூஜைக்கு முந்தின நாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

“நாளைக்கு நான் எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். உன்னையக் கேப்பாங்க. உள்ளதைச் சொல்லு. அவ்வளவுதான்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை சந்தோஷத்தில். உள்ளதைச் சொன்னால் மேடும் பிழைக்கும், நானும் பழையபடி ஆகிவிடலாம். துள்ளிக்கொண்டு புழக்கடைக்குப் போனேன். வேலியோரம் கூட்டுக்காரி நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாக வந்திருந்தாள். அப்பா பேச்சு எப்படியோ அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது. அழுது முகம் வீங்கியிருந்தது.

“கனவே வரலீன்னு சொல்லப்போறீங்களாமா?”

நான் படலுக்குப் பக்கத்தில் போனேன்.

“அப்படி மட்டும் சொல்லிப்போடாதீங்க. கன்னிமாரு இல்லீன்னா தம்பிக்கு மறுக்காக் காய்ச்சல் வந்துருமுங்க. எங்கம்மா கெணத்துல உழுந்துருவேங்குது.”

“ஊசி போட்டதுல சரியாச்சுடி” என்றேன்.

“ஊசி போட்டு எத்தன புள்ளைக செத்திருக்குது!” என்றாள். படலுக்கு மேலாக என் கையைப் பிடித்தாள். கிள்ளவில்லை. பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்ணீர் என் விரலில் சூடாக ஒட்டியது.

மறுநாள் காலை மேட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அப்பா கோட்டுக்குள் போய் நின்றுகொண்டார். “கனவு வரலைங்க. நாந்தான் சொன்னேன். கல்லை நாந்தான் நட்டேன். அந்தச் சுண்ணாம்பு எங்க ஊட்டுச் சுண்ணாம்பு. இந்த மண்ணுக்கடியில இருக்கறது ரெண்டாயிரம் வருஷத்துச் சரித்திரம், அதைக் காப்பாத்தத்தான் பண்ணினேன். இப்ப நீங்களே தோண்டி அழிக்கப் போறீங்க. வேண்டாமுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

யாரும் கோபப்படக்கூட இல்லை. “வாத்தியாரே, வெய்யில்ல நிக்காதீங்க, இப்படி வாங்க” என்றார் ஊர்ப் பெரியவர். “படிச்சவருக்குச் சாமி கும்புடக் கூச்சமுங்க” என்றாள் ஒருத்தி. அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். “எம் பொண்ணைக் கேளுங்க” என்றார்.

என்னை நடுவில் நிறுத்தினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். வகுப்பில் தனக்குப் பிடித்த பிள்ளையைக் கேள்வி கேட்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. அவருக்குப் பின்னால், கூட்டத்தில், கூட்டுக்காரி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வாய் நிறையப் பொங்கல். அவள் உதடு மட்டும் அசைந்தது.

“சொல்லு சாமி. கனவு வந்துச்சா, வரலியா?” என்றார் ஊர்ப் பெரியவர்.

“வந்துச்சு” என்றேன்.

“ஏழு பேருமா?”

“ஏழு பேரும்.”

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஓட்டையும் ஜாடியையும்விட எனக்கு அவள் பெரிது. பெண்கள் குலவையிட்டார்கள். சத்தத்துக்கு நடுவே கூட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். வந்துவிட்டாள், இப்போது கிள்ளப் போகிறாள், சாயங்காலம் ஆட வருவாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் தம்பியை என் காலடியில் கிடத்திவிட்டுத் தானும் விழுந்தாள். எந்திரிடி என்றேன். எழவில்லை. திருநீறு கொடுத்த பிறகுதான் எழுந்தாள்.

அப்பா எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போனார். கடக்கால் மண்ணோடு வந்த ஓடுகளைக் கூடை கூடையாக வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டி மிதித்தார்கள். காது வைத்த முழு ஜாடி ஒன்று வந்ததாகவும், கடப்பாரை பட்டு நொறுங்கிவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள். அப்பா போய்ப் பார்க்கவில்லை. கூட்டுக்காரி கல்யாணமாகிப் போகும்வரை என்னை நீங்க என்றுதான் கூப்பிட்டாள். நான் ஏழாம் வகுப்புப் போனபோது அப்பாதான் சரித்திரம் எடுத்தார். ரோமாபுரிப் பாடத்தைத் தலை நிமிராமல் புத்தகத்தைப் பார்த்தே வாசித்துவிட்டுப் போனார். அந்த வகுப்பில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிய பிறகு ஒருநாள், அம்மாவும் நானும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா தானாகச் சொன்னாள். “ஒனக்குச் சாமியா இருக்கது புடிச்சுப்போச்சு, அதான் அன்னைக்கு நீ அப்படிச் சொல்லிட்டன்னு நெனச்சாருடி. எம் பிள்ளைய நானே கெடுத்துட்டேனேன்னு சாகுற மட்டும் அவருக்கு அந்த விசாரந்தான்.”

நான் கூட்டுக்காரியைப் பற்றி, அவள் தம்பியைப் பற்றி, வேலியோரம் நடந்ததைச் சொன்னேன். அம்மா அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“இத்தன வருசமா இத அவர்ட்ட ஏன்டி சொல்லல?”

“அவர் கேக்கவே இல்லையேம்மா” என்றேன்.